எபிரெயர் நிருபத்தை எந்த வழியில் படிப்பது?

வருகிற ஜூலை முதல் வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுக் கூட்டத்தில் புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபத்தை எடுக்கப்போகிறோம். செப்டம்பர் முடிவதற்குள் பதின்மூன்று வியாழக்கிழமைகள் கிடைக்கும். நிருபத்துக்கும் பதின்மூன்று அதிகாரம்தான். "வாரத்துக்கு ஒண்ணுன்னு வச்சா கணக்கு சரியா வருது சார்" என்று கூட்டத்தில் ஒரு அக்கா சந்தோஷமாகச் சொன்னார்கள். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கை நம்பித்தான் இதே நிருபத்தைத் தொடங்கினோம். முதல் வாரம் பதினாறு பேர் வந்தார்கள். ஏழாம் அதிகாரத்துக்கு வந்தபோது ஆறு பேர் இருந்தோம். மெல்கிசேதேக்கு யார், அவருக்கு ஏன் தாய் தகப்பன் இல்லை, லேவி எப்படி ஆபிரகாமின் இடுப்பிலிருந்து தசமபாகம் கொடுத்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர்களின் முகத்தில் களைப்பு மட்டும் தெரிந்தது. ஒன்பதாம் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டோம்.

அது மனதில் இருந்துகொண்டே இருக்கிறது. காரணம், களைத்துப்போன ஜனங்களுக்கென்றே எழுதப்பட்ட நிருபம் இது. "நெகிழ்ந்த கைகளையும், தளர்ந்த முழங்கால்களையும்" திரும்ப நிமிர்த்தச் சொல்கிறது பன்னிரண்டாம் அதிகாரம். அப்படிப்பட்ட ஒன்றைப் படித்து ஒரு கூட்டமே களைத்துப்போனது என்றால், படித்த வழியில்தான் கோளாறு. ஆகவே இந்த முறை தொடங்குவதற்கு முன்னால், இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். வேதபாடம் நடத்துகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

வழியைத் தீர்மானிக்குமுன் இது என்ன மாதிரியான எழுத்து என்று தெரியவேண்டும். நிருபம் என்கிறோம், ஆனால் நிருபத்தின் தொடக்கமே இதில் இல்லை. எழுதினவர் பெயர் இல்லை, இன்ன ஊர்ச் சபைக்கு என்று இல்லை, கிருபையும் சமாதானமும் உண்டாவதாக என்ற வாழ்த்தும் இல்லை. "பூர்வகாலங்களில் பங்குபங்காகவும் வகைவகையாகவும்" என்று நேரே பிரசங்கம் தொடங்கிவிடுகிறது. கிரேக்கத்தில் அந்த முதல் வசனத்தில் 'ப' ஒலியில் தொடங்கும் சொற்கள் ஐந்து வரிசையாக வருகின்றன. காதுக்கென்று கட்டப்பட்ட வாக்கியம். நம் பழைய மொழிபெயர்ப்பிலும் பூர்வகாலங்களில், பங்குபங்காகவும், பிதாக்களுக்கு என்று அந்த ஓசை கொஞ்சம் தங்கியிருக்கிறது. முடிவில் அவரே இதைப் "புத்திமதியான வார்த்தைகள்" என்று அழைக்கிறார் (13:22). அப்போஸ்தலர் 13:15-ல், பிசிதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில், நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனமும் வாசித்து முடித்தபின் பவுலைப் பேச அழைக்கிறார்களே, அங்கேயும் கிரேக்கத்தில் அதே சொற்றொடர்தான். ஓய்வுநாளில் வேதவாசிப்புக்குப்பின் பேசப்படும் பிரசங்கத்துக்கு அதுதான் பெயர். அந்த வகைப் பிரசங்கம் ஒன்று எழுத்தாகி, கடைசியில் சில வரி விசாரிப்போடு தூரத்துச் சபைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில், எல்லாரும் இயல்பாக எடுக்கிற வழி: ஒன்றாம் அதிகாரம் முதல் வசனத்தில் தொடங்கி வரிசையாகப் போவது. இதன் பெரிய நன்மை நேர்மை. கடினமான வசனம் வந்தால் தாண்டிப்போக முடியாது. ஆறாம் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தின் பின்பாதியையும் முகத்துக்கு முகம் சந்தித்தாக வேண்டும். தனியாக, காலை ஜெபவேளையில், ஒத்தவாக்கிய வேதாகமத்தை வைத்துக்கொண்டு குறிப்பெழுதிப் படிக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து வசனம் என்றால் 303 வசனமும் இரண்டு மாதத்தில் முடியும்.

வாரம் ஒருமுறை கூடுகிற கூட்டத்துக்கு இது பொருந்தாததற்குக் காரணம் அதிகாரப் பிரிவுகள். அதிகாரங்களை வகுத்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில்; வசன எண்கள் 1551-ல் வந்தவை. எழுதினவர் மனதில் இந்தக் கோடுகள் எதுவும் இல்லை. பத்தாம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று ஆபகூக் தீர்க்கதரிசியின் வார்த்தையைச் சொல்லி, நாம் பின்வாங்குகிறவர்கள் அல்ல, விசுவாசிக்கிறவர்கள் என்று முடிக்கிறார். அடுத்த மூச்சிலேயே "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும்" என்று தொடங்குகிறார். ஆபேல் முதல் சாமுவேல் வரை அவர் சொல்லும் பெயர்களெல்லாம் அந்த ஒரு வரிக்குச் சாட்சிகள். நாமோ பத்தாம் அதிகாரத்தை ஒரு வியாழக்கிழமையிலும் பதினொன்றை அடுத்த வியாழக்கிழமையிலும் படிக்கிறோம். நடுவில் ஏழு நாள். போன வாரம் என்ன படித்தோம் என்பது பாதிப்பேருக்கு நினைவில் இருக்காது. "ஆகையால்" என்று அவர் திரும்பத் திரும்ப முடிச்சுப் போடுகிறார். நாம் முடிச்சு விழுந்த இடத்திலேயே கத்தரித்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பிறகு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்று 4 முதல் 6 வரையிலான வசனங்கள் சொல்கின்றன. போன முறை நேரமாகிவிட்டதென்று எட்டாம் வசனத்தோடு ஜெபம்பண்ணி முடித்தேன். முள்ளும் குருக்கும் சுட்டெரிக்கப்படுகிற வசனம் அது. மறுநாள் காலை கூட்டத்தில் ஒரு தாயார் போன் செய்தார்கள். அவர்கள் மகன் சபைக்கு வருவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. "அப்ப அவனுக்கு இனி வழியே இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒன்பதாம் வசனம் "பிரியமானவர்களே" என்று தொடங்குகிறது. முழு நிருபத்திலும் வாசிக்கிறவர்களை அவர் அப்படி அழைப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும். எச்சரித்த வாய் மூடுமுன் அணைத்துக்கொள்கிறார். நாங்கள் இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் நன்மையானவை உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். அதே அதிகாரம் நம்பிக்கை என்ற ஆத்தும நங்கூரத்தில் போய் முடிகிறது. நான் இன்னும் ஒரு வசனம் வாசித்திருந்தால் அந்தத் தாயார் அந்த இரவு தூங்கியிருப்பார்கள். எந்த வழியில் படித்தாலும் சரி, இந்த நிருபத்தின் எச்சரிப்புப் பகுதிகளை (2:1-4, 3:7 முதல் 4:13 வரை, 5:11 முதல் 6:12 வரை, 10:19-39, 12:14-29) ஒருபோதும் பாதியில் நிறுத்தக்கூடாது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்யமாட்டேன்.

இரண்டாவது வழியை எங்கள் சபையில் பலர் விரும்புகிறார்கள்: பழைய ஏற்பாட்டை முதலில் படித்துவிட்டு வருவது. யாத்திராகமம் 25-லிருந்து வனாந்தரத்தில் மோசே அமைத்த ஆசரிப்புக் கூடாரம், லேவியராகமத்தில் பலிகள், பாவநிவாரண நாள், பிறகு எபிரெயர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எபிரெயர் 9-ஐ வாசிக்கிறவனுக்கு லேவியராகமம் 16 தெரியாவிட்டால் ஒன்றும் புரியாது. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே ஒருவன், பிரதான ஆசாரியன், சணல்நூல் உடையில், இரத்தத்தோடு திரைக்கு உள்ளே போகிறான். அதுவும் "சாகாதபடிக்கு" என்ற எச்சரிக்கையோடு. இந்தப் பயத்தை உணர்ந்தவனுக்குத்தான் எபிரெயர் 4:16-ல் வருகிற "தைரியமாய்" என்ற சொல்லின் கனம் தெரியும்.

இந்த இடத்தில் தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு கொடை கிடைத்திருக்கிறது. லேவியராகமம் 16-ல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்குப் பழைய மொழிபெயர்ப்பு வைத்த பெயர் கிருபாசனம். எபிரெயர் 9:5-லும் அதே சொல். 4:16-ல் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்பதிலும் அதே சொல். கிரேக்கத்தில் 4:16-ல் இருப்பது 'கிருபையின் சிங்காசனம்'. 9:5-ல் இருப்பது பாவநிவாரணம் நடக்கும் இடத்துக்கான வேறொரு சொல். மூலத்தில் இரண்டாக இருப்பது தமிழில் ஒரே சொல்லாகிவிட்டது. அதனால், பிரதான ஆசாரியனான ஆரோன் நடுங்கிக்கொண்டு போன அந்த இடத்துக்கே நம்மைத் தைரியமாக வரச்சொல்கிறார் என்று தமிழ்க் காதுக்கு உடனே கேட்கிறது. நிருபத்தின் ஓட்டமும் அங்கேதான் போகிறது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்தார்.

அப்படியிருந்தும் கூட்டத்துக்கு இந்த வழியை நான் எடுக்கமாட்டேன். ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போனவர்கள் லேசில் வெளியே வருவதில்லை. இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள், ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு விளக்கம், சுவரில் மாட்டப் பெரிய படம் என்று மாதக்கணக்கில் போகும். எபிரெயர் ஆக்கியோன் அதே தட்டுமுட்டுகளை ஐந்து வசனத்தில் சொல்லிவிட்டு, "இவைகளைக்குறித்து விபரமாய் இப்பொழுது சொல்லவேண்டுவதில்லை" என்று நகர்ந்துவிடுகிறார் (9:5). அவர் நகர்ந்த இடத்தில் நாம் கூடாரம் போட்டு உட்காருவது சரியல்ல. லேவியராகமம் 16 வேண்டும். அது ஒன்பதாம் அதிகாரத்துக்கு வரும்போது வேண்டும். ஒரு மாலைப்பொழுது போதும்.

தலைப்பு வாரியாகப் படிப்பதும் உண்டு. விசுவாச வீரர்கள் என்று பதினொன்றாம் அதிகாரத்தை மட்டும் எடுத்து ஆறு வாரம், வாலிபர் கூட்டத்தில் நன்றாக எடுபடும். அது எபிரெயர் நிருபத்தைப் படிப்பது ஆகாது என்பதால் இதோடு விடுகிறேன்.

ஆக்கியோன் யார், எப்போது எழுதினார், யாருக்கு எழுதினார் என்று முதலில் தீர்த்துக்கொண்டு பிறகு உள்ளே போவது இன்னொரு வழி. வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். நம்மில் பலர் சின்ன வயதிலிருந்தே பவுல் எழுதினார் என்று சொல்லிப் பழகியவர்கள், ஆகையால் இதை மரியாதையோடு பேசவேண்டும். பவுலோடு இந்த நிருபத்துக்குள்ள தொடர்பு பழமையானது. ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்த பாப்பிரஸ் கையெழுத்துப் படி ஒன்றில் இது பவுலின் நிருபங்களுக்கு நடுவே, ரோமருக்கு அடுத்தபடியாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆதிச் சபைப் பிதாக்களில் அலெக்சந்திரியாவின் கிளெமெந்து, பவுல் எபிரெய மொழியில் எழுதியதை லூக்கா கிரேக்கத்தில் தந்தார் என்று கருதினார். தெர்த்துல்லியன் பர்னபா என்றார். லூத்தர் அப்பொல்லோவாக இருக்கலாம் என்றார். 1900-ல் ஹார்நாக் என்ற ஜெர்மானிய அறிஞர் பிரிஸ்கில்லாளின் பெயரை முன்வைத்தார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் சொன்னதுதான் இன்றும் நிற்கிறது: எழுதினவர் யார் என்பது தேவனுக்கே தெரியும். நிருபத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. இரட்சிப்பின் செய்தி கர்த்தர் மூலமாய்த் தொடங்கி, கேட்டவர்களாலே "நமக்கு" உறுதியாக்கப்பட்டது என்கிறார் (2:3). மனுஷரிடமிருந்து நான் பெறவில்லை என்று கலாத்தியருக்கு அவ்வளவு அழுத்தமாக எழுதிய பவுல் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தோன்றவில்லை.

காலத்தைப் பற்றியும் உள்ளிருந்தே சில குறிப்புகள் கிடைக்கின்றன. பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயு உயிரோடிருக்கிறார், விடுதலையாகியிருக்கிறார் (13:23). முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமாபுரியிலிருந்து கொரிந்துவுக்கு எழுதிய இன்னொரு கிளெமெந்து இந்த நிருபத்தின் வார்த்தைகளை எடுத்தாள்கிறார். பலிகள் இன்னும் நடந்துகொண்டிருப்பதுபோல் ஆக்கியோன் பேசுகிறார். எருசலேம் தேவாலயம் கி.பி. 70-ல் இடிந்தது அவருக்குத் தெரிந்திருந்தால் அவருடைய வாதத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடைத்திருக்காது, ஆனால் ஒரு வரிகூட இல்லை. அதற்காக 70-க்கு முன் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அவர் தேவாலயத்தைப் பற்றியே பேசவில்லை, மோசேயின் கூடாரத்தைப் பற்றித்தான் பேசுகிறார். இத்தாலியாவைச் சேர்ந்தவர்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள் (13:24), ஆகையால் ரோமாபுரிச் சபைக்குப் போயிருக்கலாம் என்பது பலருடைய கருத்து. 'எபிரெயர்' என்ற சொல்கூட நிருபத்துக்குள்ளே எங்கும் இல்லை, தலைப்பில்தான் இருக்கிறது.

இவ்வளவும் ஒரு மாலைக்குள் சொல்லி முடிக்கக்கூடியவை. இதற்குமேல் இழுத்தால் கூட்டம் விவாத மேடையாகிவிடும், ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிடும். கூட்டத்துக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த ஜனங்களின் நிலைமை. அது பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. பாடுகளாகிய பெரிய போராட்டத்தைச் சகித்தவர்கள், நிந்தைகளால் வேடிக்கையாக்கப்பட்டவர்கள், ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டதைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டவர்கள். இரத்தம் சிந்தும் அளவுக்கு இன்னும் போகவில்லை (12:4). இப்போது சிலர் சபை கூடிவருதலை விட்டுவிடுகிறார்கள் (10:25). ஒரு காலத்தில் வீட்டையே இழக்கத் துணிந்தவர்கள் இன்று கூட்டத்துக்கு வரவே தயங்குகிறார்கள். இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே நிற்கிற ஒரு சபையை எல்லாருக்கும் தெரியும், விளக்கவே வேண்டாம்.

இனி நான் தேர்ந்தெடுத்திருக்கிற வழிக்கு வருகிறேன். பிரசங்கத்தைப் பிரசங்கமாகக் கேட்பது, பிறகு பிரசங்கியார் எடுத்த வாக்கியங்களின் வழியே அவர் பின்னால் போவது.

எந்தப் பிரசங்கியாரும் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதைத் திறந்து, அதிலிருந்து சபையைப் பார்த்துப் பேசுவார். இவரும் அதையே செய்கிறார். சங்கீதம் 8-ஐ எடுத்து இரண்டாம் அதிகாரம். சங்கீதம் 95-ஐ எடுத்து மூன்றும் நான்கும். சங்கீதம் 110-ன் நான்காம் வசனத்தை எடுத்து ஐந்திலிருந்து ஏழு வரை. எரேமியா 31-ஐ எடுத்து எட்டிலிருந்து பத்தின் நடுப்பகுதி வரை. எரேமியாவிலிருந்து 8:8-12-ல் அவர் சொல்வதுதான் புதிய ஏற்பாடு முழுவதிலும் மிக நீளமான பழைய ஏற்பாட்டு மேற்கோள். பிறகு ஆபகூக், பிறகு நீதிமொழிகள் 3. இந்த ஆறு வாக்கியங்களையும் வரிசையாக வைத்தால் நிருபத்தின் முதுகெலும்பு தெரிந்துவிடும். அதிகார எண்களை மறந்துவிடலாம்.

எங்களைக் கவிழ்த்த மெல்கிசேதேக்கையே எடுத்துக்கொள்கிறேன். போன முறை ஏழாம் அதிகாரத்தில்தான் அவர் பெயரை முதலில் விளக்கினோம், திடீரென்று வந்து நின்ற அந்நியனைப்போல இருந்தார். இந்த முறை சங்கீதம் 110-லிருந்து தொடங்குவோம். அது ஏழே வசனம். ஐந்து நிமிஷத்தில் வாசித்துவிடலாம். முதல் வசனம்: "நீர் என் வலதுபாரிசத்தில் உட்காரும்." ஆதிச் சபை மிகவும் நேசித்த வசனம் அது. நம் பிரசங்கியார் அங்கேயே நிற்காமல் அதே சங்கீதத்தில் மூன்று வசனம் தள்ளி வாசிக்கிறார்: மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியர். வலதுபாரிசத்தில் உட்கார்ந்திருக்கிற ராஜா யாரோ அவரேதான் ஆசாரியரும். பழைய ஏற்பாட்டில் மெல்கிசேதேக்கு வருவது இரண்டே இடத்தில், ஆபிரகாமை ஆசீர்வதித்த ராஜாவும் ஆசாரியனுமாக ஆதியாகமம் 14-ல் மூன்று வசனம், இந்தச் சங்கீதத்தில் ஒன்று. இயேசுவைப் பிரதான ஆசாரியர் என்று அழைக்கிற நூல் புதிய ஏற்பாட்டில் இது ஒன்றுதான். ஆசாரியர்கள் லேவி கோத்திரத்தார்தான், யூதா கோத்திரத்தில் பிறந்தவர் ஆசாரியராக முடியாதே என்ற கேள்விக்கு, லேவிக்கு முன்பே ஒரு ஆசாரியத்துவம் இருந்தது, அதைச் சங்கீதமே ஆணையிட்டுச் சொல்கிறது என்று அவர் பதில் சொல்கிறார். கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் ஏழாம் அதிகாரம் பதிலாக வந்து விழும். நாங்கள் அன்றைக்குக் கேள்வியே இல்லாமல் பதிலைப் படித்தோம்.

'உட்காரும்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போகலாம். ஆசரிப்புக் கூடாரத்தில் மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு, பெட்டி உண்டு. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் இல்லை. அவன் வேலை முடிவதே இல்லை. 10:11-ல் எந்த ஆசாரியனும் நாடோறும் அதே பலிகளைச் செலுத்திக்கொண்டு "நிற்பான்" என்று வாசிக்கிறோம். அடுத்த வசனத்தில் இவரோ ஒரே பலியைச் செலுத்தி "உட்கார்ந்து" என்று வருகிறது. நிற்பான், உட்கார்ந்து. பிரசங்கம் முழுவதும் இந்த இரண்டு வினைச்சொல்லில் அடங்கியிருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் காலையிலிருந்து கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அடுப்படியிலும் நின்றுவிட்டு வருகிறவர்கள். உட்காருதல் என்றால் வேலை முடிந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

இந்த வழியிலும் குறை உண்டு. முதல் அதிகாரத்தில் ஏழு மேற்கோள்கள் மளமளவென்று வருகின்றன, ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. பதின்மூன்றாம் அதிகாரமும் சிதறலாக இருக்கும். அதோடு, நடத்துகிறவர் முன்கூட்டியே உழைக்கவேண்டும். சங்கீதம் 95-ஐ எடுக்குமுன் எண்ணாகமம் 14-ஐ, காதேசில் ஜனங்கள் அழுத அந்த ராத்திரியை, ஒருமுறையாவது முழுக்க வாசித்திருக்கவேண்டும். நேரமில்லாத வாரத்தில் வசனவாரியாகப் போவது நடத்துகிறவருக்குச் சுலபம், உண்மைதான்.

எந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. எங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது 1871-ல் பவர் ஐயர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. காதுக்கு அதைப்போல் வேறில்லை, மனப்பாடமாக இருக்கிற வசனமெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு பேர் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கொண்டுவருவார்கள். இளைஞர்கள் போனில் எளிய தமிழ் மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறார்கள். ஒன்றைமட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். சத்தமாக வாசிக்கப் பழையது. வாக்கியம் மூச்சுமுட்டும் இடத்தில் மற்ற இரண்டும்.

உதாரணத்துக்கு ஒன்பதாம் அதிகாரம். 15-ஆம் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பு "புது உடன்படிக்கை" என்கிறது. 16-ல் சட்டென்று "மரணசாசனம்" என்கிறது. உடன்படிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் உயில் பத்திரத்துக்குப் போனார் என்று வாசிக்கிறவன் திகைப்பான். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே சொல், தியாத்தேக்கே. அதற்கு உடன்படிக்கை என்றும் உயில் என்றும் இரண்டு பொருளும் உண்டு. அவர் ஒரே சொல்லைத் திருப்பிக் காட்டுகிறார். தமிழில் அதற்கு இரண்டு சொல் தேவைப்பட்டது. நான்காம் அதிகாரம் எட்டாம் வசனத்திலும் இப்படித்தான். யோசுவா அவர்களை இளைப்பாறப் பண்ணியிருந்தால் என்கிறது தமிழ். கிரேக்கத்தில் யோசுவா என்ற பெயரும் இயேசு என்ற பெயரும் ஒன்றேதான். கானானுக்குள் கொண்டுபோன அந்த 'இயேசு' தராத இளைப்பாறுதலை இந்த இயேசு தருகிறார் என்பது முதலில் கேட்டவர்களின் காதில் தானாக விழுந்திருக்கும். நமக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

பத்தாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் கட்டாயம் ஒருவர் கேள்வி கேட்பார். "ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்" என்று அங்கே இருக்கிறது. சங்கீதம் 40:6-ஐத் திருப்பினால் "என் செவிகளைத் திறந்தீர்" என்று இருக்கும். தப்பாக எழுதிவிட்டாரா? இல்லை. சங்கீதத்தை நாம் எபிரெயத்திலிருந்து மொழிபெயர்த்து வாசிக்கிறோம். அவர் கையில் இருந்தது யூதர்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்த செப்துவஜிந்த். அதில் 'சரீரம்' என்று இருக்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். காது திறக்கப்பட்டவன் கீழ்ப்படிகிறான். கீழ்ப்படிய ஒரு சரீரம் வேண்டும். இரண்டு வாசகமும் ஒரே திசையில்தான் போகின்றன.

நடத்துகிறவர்கள் எல்லாரும் கவனிக்கவேண்டிய இன்னொன்று. 'மேலான' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் இந்த நிருபத்தில் பதின்மூன்று தரம் வருகிறது. விசேஷித்த உடன்படிக்கை, மேன்மையான பரமதேசம், நன்மையானவைகளைப் பேசுகிற இரத்தம் என்று தமிழில் பல வேஷத்தில் வரும். இதை வைத்துக்கொண்டு யூதர்களை இளக்காரமாகப் பேசுகிற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன், மனம் நொந்திருக்கிறேன். எழுதினவர் தன் சொந்த ஜனத்தின் வேதத்தைத் திறந்து, தன் சொந்த ஜனத்தோடு பேசுகிறார். பதினொன்றாம் அதிகாரத்தில் அவர் வரிசையாக நிறுத்தி மரியாதை செய்கிறவர்கள் யார்? ஆபிரகாம், சாராள், மோசே, எரிகோவின் ராகாப், தாவீது. நாம்தான் பின்னால் வந்து அந்தக் குடும்பத்தில் உட்கார இடம் பெற்றவர்கள். இந்த நினைவு இல்லாதவர் எபிரெயர் நிருபத்தை நடத்த எடுக்கவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லுவேன்.

எங்கள் பதின்மூன்று வியாழக்கிழமைகளை இப்படிப் பிரித்திருக்கிறேன். முதல் வாரம் முழு நிருபத்தையும் கேட்பது மட்டும். இரண்டாம் வாரம் முதல் அதிகாரமும், ஆக்கியோனைப் பற்றிச் சொல்லவேண்டியதும். மூன்றில் சங்கீதம் 8. நான்கும் ஐந்தும் சங்கீதம் 95. ஆறும் ஏழும் சங்கீதம் 110, ஆதியாகமம் 14-ஓடு. ஆறாம் வாரத்தில் ஆறாம் அதிகாரத்தை நங்கூரம் வரைக்கும் போகாமல் முடிப்பதில்லை. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று வாரமும் எரேமியா 31. அதில் ஒரு மாலை லேவியராகமம் 16-க்கு, ஒரு மாலை சங்கீதம் 40-க்கு. பதினொன்றாம் வாரம் ஆபகூக்கின் வரியும் அதற்குச் சாட்சிகளும், பத்தாம் அதிகாரத்தின் பின்பாதியையும் பதினொன்றையும் சேர்த்து. பன்னிரண்டில் நீதிமொழிகள் 3-ஓடு பன்னிரண்டாம் அதிகாரம். கடைசி வாரம் பதின்மூன்றாம் அதிகாரம், 'பாளயத்துக்குப் புறம்பே'.

முதல் வாரத்துக்கு யாரும் வேதாகமத்தைத் திறக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒருமுறை நேரம் வைத்து வாசித்துப் பார்த்தேன். நிதானமாகப் படித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. மூன்று பேர் மாறிமாறி வாசிப்பார்கள். ஆறாம் அதிகாரத்தை வாசிக்க அந்தத் தாயாரைக் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களே போன் செய்து, "ஒன்பதாம் வசனத்துக்கு முன்னாடி மூச்சு வாங்காம வாசிக்கணும், அவ்வளவுதானே சார்?" என்று கேட்டார்கள்.